நால்வரிடம் நாலு எஸ்

ஜூலை 8, திங்கள்

சிவமயம். இந்த நோட்டு, பால், மளிகைக் கணக்கு எழுத வாங்கியது. வலப்பக்கம் கணக்கு. இடப்பக்கம் சும்மா கிடக்கிறது. எதுவும் சும்மா கிடந்தால் எனக்கு ஆகாது. இன்றிலிருந்து அதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு நிறுவனம், இங்கிலீஷ் பாடப்புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துக் கொடுக்க ஆள் எடுக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். என்ன படித்திருந்தாலும் சரி, அவர்கள் வைக்கிற பரீட்சையில் தேற வேண்டும். வருஷத்துக்கு ஒரு பரீட்சைதான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு ஐப்பசியோடு அது முடிகிறது. பரீட்சை ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. இதை விட்டால் எனக்கு இனிப் பரீட்சை என்று ஒன்று கிடையாது.

நான் பிளஸ் டூ, தமிழ் மீடியம். மகள் படித்த காலத்தில் அவள் தூங்கின பிறகு அவள் புத்தகங்களை எடுத்து நானும் படிப்பேன். அப்படி வந்த இங்கிலீஷ்தான். அவள் இப்போது சேலத்தில் குடித்தனம் செய்கிறாள். இலக்கணப் புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்த வயசுல பரீட்சையா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை.

ஜூலை 10, புதன்

ஒன்றும் நிற்கவில்லை. 'அகாமடேஷன்' என்று காலையில் எழுதினால் சரியாக வருகிறது. புளியைக் கரைத்து வைத்துவிட்டு வந்து எழுதினால் ஒரு எம் குறைகிறது. 'ரிசீவ்' என்பதில் ஈ முன்னாலா, ஐ முன்னாலா என்று யோசித்துக்கொண்டே நின்றதில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இரண்டும் போயிற்று.

ஜூலை 12, வெள்ளி

ஒரு வழி கிடைத்திருக்கிறது. கோயிலில்.

இவர் பண்டகசாலைக்குப் புறப்பட்டதும் சிவன் கோயிலுக்குப் போய்ப் பிராகாரம் சுற்றிவிட்டு வருவது என் வழக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சுற்றுகிறேன். எந்தக் கல் ஆடும், எந்த மூலையில் மழைத்தண்ணீர் நிற்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். இன்று பிள்ளையார் முன்னால் குட்டிக்கொள்ளும்போது 'நெசசரி' ஞாபகம் வந்தது. ஒரு சி, இரண்டு எஸ். நிமிர்ந்து பார்த்தேன். ஒற்றைக் கொம்பு, இரண்டு காது.

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் "கொஞ்சம் நவுருங்கம்மா" என்ற பிறகுதான் நடந்தேன்.

அடுத்து, தேவாரமும் திருவாசகமும் பாடிய நால்வர். 'பொசெஷன்' என்று எழுத நாலு எஸ் வேண்டும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தட்சிணாமூர்த்தியிடம் 'பிரின்சிபல்'. பள்ளிக்கூடத் தலைமை என்றால் கடைசியில் ஏ, எல். கொள்கை என்றால் எல், ஈ. ஏ-யையும் எல்-லையும் கூட்டினால் ஆல். ஆலமரத்தடியில் இருக்கிறவர்தானே தலைமை. பின்சுவரில் லிங்கோத்பவர். மேலே பறக்கிற அன்னம், கீழே தோண்டுகிற பன்றி. எழுத்தின் தலைக்கு மேல் தொங்குவது அபாஸ்ட்ராஃபி, காலடியில் கிடப்பது கமா. முருகன் தேவியர் இருவருக்கும் இரண்டு பக்கமும் இடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். அவரிடம், தங்க இடம் என்று பொருள்படும் 'அகாமடேஷன்', இரண்டு சி, இரண்டு எம்.

வீட்டுக்கு வந்து, புளியைக் கரைத்துவிட்டு, மனத்துக்குள் மறுபடியும் ஒரு சுற்றுப் போனேன். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

சாமியை இப்படி வேலை வாங்கலாமா என்று ஒரு உறுத்தல். நாளை இரண்டு அகல் கூடுதலாக ஏற்ற வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

வடக்குப் பக்கமும் முடிந்தது. நவக்கிரகம் ஒரே மேடையில் நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கூட்டம். ஒரே மாதிரி ஒலித்து வேறு வேறாக எழுதப்படுகிற சொற்களையெல்லாம் அவர்களிடம் விட்டேன். விதிக்கு அடங்காதவை நாயோடு நிற்கிற பைரவரிடம்.

சண்டிகேஸ்வரரிடம்தான் வெகுநேரம் நின்றேன். அவர் சிவன் கோயிலின் கணக்கர். அவர் முன்னால் கையைத் தட்டி, விரித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். 'அதனுடைய' என்று பொருள்படும் 'இட்ஸ்' என்ற சொல்லுக்கு அபாஸ்ட்ராஃபி கிடையாது. உடைமை உண்டு, கையில் ஒன்றும் கிடையாது. அதை அங்கே வைத்தேன்.

பிறகு கையைத் தட்டும்போது கூச்சமாக இருந்தது. தினமும் இத்தனையை மனத்தில் தூக்கிக்கொண்டு போகிறேனே. ஆனால் அதெல்லாம் நான் வைத்ததுதானே.

ஜூலை 19, வெள்ளி

பெரியத்தானுக்கு நான் செய்கிற வேலை தெரிந்துவிட்டது.

அவர் இவருடைய அண்ணன், பெயர் ஆவுடையப்பன். தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்துவிட்டார். இதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைகாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், ஜன்னலை ஒட்டி அவருடைய இரும்புக் கட்டில். பேர்தான் ஆவுடையப்பன், நாற்பது வருஷமாகக் கோயில் வாசலை மிதித்ததில்லை. நான் அவருக்குச் சொந்த அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என் வாயைக் கிண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

கஞ்சி ஆற்றும்போது கேட்டார். "என்னளா உதட்டுக்குள்ளயே முணங்குத? மந்திரமா, என்னைய வையுதியா?"

"ஸ்பெல்லிங் அத்தான்."

"ஸ்பெல்லிங்குக்கு எதுக்குளா கண்ண மூடுத?"

சொன்னேன். பிள்ளையார் காதிலிருந்து பைரவர் நாய்வரை. கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"தந்தியில கமாவும் கெடையாது, கத்திரிக்காயும் கெடையாது. ஒரு விசயம் முடிஞ்சா 'ஸ்டாப்'னு அடிப்போம். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டாப் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' அதுல ஒரு எழுத்து தப்பாப் போனாலும் ஓடித்தான் வந்தாங்க."

"இவுக ஓடி வர மாட்டாங்க அத்தான். செவப்பு மையில சுழிப்பாங்க."

"கொண்டா அந்தச் சீட்ட. நான் கேக்கேன்."

எந்தச் சந்நிதியில் எந்தச் சொல் என்று எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சரியாகச் சொன்னால் கட்டில் கம்பியில் விரலால் இரண்டு தட்டு. தப்பென்றால் ஒரு தட்டு. தந்தி அடித்த விரல். சத்தம் சமையலறை வரை கேட்கிறது.

பால் ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன், அவர் கஞ்சிக்கு.

ஜூலை 25, வியாழன்

தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் "வாளா, கோயிலுக்குப் போவோம்" என்று கூப்பிடுகிறார். தாளைப் பார்ப்பதுகூட இல்லை. கோயில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பைரவர் அவருக்கு நாய்க்காரர். சண்டிகேஸ்வரர் கணக்கப்பிள்ளை.

இன்று ஒரு புதுச் சண்டை. "முன்னால இருந்து கேட்டா கிளிகூடச் சொல்லும். பின்னால இருந்து வா" என்றார்.

"இடமாச் சுத்தக் கூடாது அத்தான். பாவம்."

"சரி, நீ சுத்தாத. நான் சுத்துதேன். நீ நின்ன எடத்துல நின்னு பதில் சொல்லு."

அவர் பைரவரில் ஆரம்பித்தார். நான் கண்ணை மூடாமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னேன். தப்பே வரவில்லை. இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூலை 29, திங்கள்

பெரியத்தானுக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது.

பக்கத்து வீட்டு உலகம்மை அக்கா பார்க்க வந்தாள். பங்காளி வீடு. அடுக்களைக்கு வந்து என் காதில் சொன்னாள்: "ரொம்ப நாள் தாங்காது வடிவு. நமக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் கெடையாது, கொளம் கெடையாது. ஆவணி கடைசில என் மக வளைகாப்ப வச்சிருக்கேன். போறதுன்னா இப்பமே போயிட்டா நல்லது."

ஒரு மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே நாள் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது. நாக்கு கூசாதா?

இன்றிலிருந்து தினமும் அவர் ஆயுளுக்காக மிருத்யுஞ்சய மந்திரம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆகஸ்ட் பதினொன்று வரையாவது விடாமல் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பிரதோஷம். கூட்டம். குருக்கள் பூவை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டேன், "சாமி, மனசுக்குள்ளயே பிரதட்சிணம் பண்ணினா அது கணக்குல சேருமா?"

"பேஷா சேரும்மா. ஒடம்பு முடியாதவா எல்லாரும் அப்படித்தானே பண்றா. மனசால உள்ள வந்தாலும் வந்ததுதான். நேர்ல வந்த பலன் அப்படியே உண்டு" என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் நான் எதிர்பார்த்தது அது இல்லை. மனத்தால் வந்தாலும் வந்ததுதான் என்றால், தீட்டுக் காலத்தில் மனத்தாலும் வரக் கூடாது.

எதற்கு இதையெல்லாம் இப்போது யோசிக்கிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. இவர் ஆற்றுக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கட்டிலிலிருந்து பெரியத்தான் தம்பியைப் பார்த்து, "ஏல கோமதி, அடுத்த வருசம் பேர் வாசிக்கும்போது நானும் உண்டு. எள்ளக் கொறச்சிராத" என்றார். இவர் அழுதுவிட்டார். அவருக்குச் சிரிப்பு. சிரித்து, இருமி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வாழைக்காய், பூசணி, பாசிப்பருப்பு. காக்காய்க்கு வைத்ததும் உடனே எடுத்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவருக்கு முகம் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு என்னளா கெழம?"

"செவ்வாய்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கெடக்கணும், என்னா?"

"அத்தான்! என்ன பேச்சு இது?"

"நீ சாமி முன்னால வேண்டுதது இங்கன வரைக்கும் கேக்குளா. எல்லாரும் 'நூறு வருசம் இருக்கணும்'பாங்க. நீ ஒருத்திதான் தேதி போட்டு வேண்டுத."

நான் அப்படி வேண்டவில்லை. மந்திரம் சொல்லி முடித்து, ஞாயிறு வரை எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள் என்று பொதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

"முயற்சி பண்ணுதேன். வாக்குக் குடுக்க முடியாது. முன்னாலயே போயிட்டா என்ன செய்வ?"

"தீட்டுல எப்படி அத்தான் கோயிலுக்குள்ள போக?"

"கோயில் எங்க இருக்கு? ஒன் மண்டைக்குள்ள. அங்க யாருளா கதவச் சாத்தப் போறா?"

"சாமிக்குத் தெரியும்லா."

"சரியான ஆளுளா நீ" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் பேசவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பேச்சு இல்லை. கஞ்சி இரண்டு கரண்டி. இன்று ஆடிப் பூரம், அம்பாளுக்கு வளையல் சாத்துகிறார்கள். போகவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொன்னேன். கணக்கப்பிள்ளையிடம் வந்தபோது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். விரல் ஒரே ஒரு தடவை கம்பியில் பட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடியும்போது பெரியத்தான் போய்விட்டார். சாயங்காலம் எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் காடாற்று. ஆண்கள் மயானத்துக்குப் போய்ச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள். இவருக்கு மொட்டை. மீசையும் இல்லை. வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பூஜை அலமாரிக்குத் திரை போட்டாயிற்று. நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை, சாப்பாடு உறவுக்காரர்கள் கொண்டு வந்தார்கள். கையில் வேலை இல்லாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். அடுக்களையில் நின்று, கோயிலில் வைத்த சொற்களை இங்கே மாற்ற முடியுமா என்று பார்த்தேன். நால்வரிடம் வைத்த 'பொசெஷன்' என்ற சொல்லைக் கொண்டுவந்து மிளகாய்ப்பொடி டப்பாவில் வைத்தேன். முருகனிடம் இருந்ததைப் பருப்புத் தூக்கில். முற்றத்துக்குப் போய்விட்டு வந்து திறந்து பார்த்தால் மிளகாய்ப்பொடிதான் இருக்கிறது. பருப்புதான் இருக்கிறது. எத்தனை எஸ், எத்தனை எம் என்று எந்த டப்பாவும் சொல்லவில்லை.

மதியம் பட்டாசலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலைப் பின்கட்டில் சாத்திவிட்டார்கள். அந்த இடத்தில் பெஞ்சு. உலகம்மை அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டாள்:

"ஏ வடிவு, நாளைக்கு என்னமோ பரீட்சையாமே? எழவு வீட்டுல இருந்து இங்கிலீஷ் எழுதப் போறியாக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். சரிதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"அண்ணன் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் இவர்.

"என்ன சொன்னாரு?" இது உலகம்மை அக்கா.

"என் சாவு எதுக்கு வேணும்னாலும் தடையா இருக்கட்டும். வடிவு பரீட்சைக்குத் தடையா இருக்கக் கூடாது, நீயே கூட்டிட்டுப் போய்ட்டு வரணும்னாரு. வியாழக்கெழம ராத்திரி சொன்னாரு."

செத்தவர் சொல்லை மீற யாருக்குத் தைரியம் வரும்? உலகம்மை அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அவுக சொல்லிட்டா சரிதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பெரியத்தான் வாயைத் திறக்கவே இல்லை. வியாழக்கிழமை பகலும் ராத்திரியும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். இவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். நெற்றியில் எதுவும் இல்லாமல் வெளியே போவது உடுத்தாமல் போவது போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், இவர் மொட்டையைப் பார்த்து, "திருச்செந்தூரா? திருப்பதியா?" என்று கேட்டாள். இவர் "வீட்டுலதான்" என்றார்.

அது ஒரு பெரிய ஹால். எல்லாரும் சின்னப் பெண்கள், என் மகள் வயது. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அகராதி கூடாது. அச்சடித்த பக்கங்களைக் கொடுத்து, பிழைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்தச் சொன்னார்கள். இவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியைப் பற்றியது. முதல் வரியிலேயே 'அகாமடேஷன்'. எம் ஒன்றுதான் இருந்தது. ஒன்றுதான் சரியோ என்று தோன்றியது. இரண்டு போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி போலத்தான் இருந்தது. கீழே 'இட்ஸ்' மூன்று இடத்தில், மூன்றும் வேறு மாதிரி. பார்க்கப் பார்க்க எல்லாமே சரியாகவும் எல்லாமே தப்பாகவும் தெரிந்தன.

கண்ணை மூடினேன். கால் தானாகக் கோயிலுக்குப் போய்விட்டது. கோபுர வாசல் வரை போய் நின்றேன். பூக்காரியின் கூடை, தேங்காய்க் கடை, எல்லாம் இருக்கின்றன. படியை மிதிக்கக் கால் வரவில்லை. மனத்தால் வந்தாலும் வந்ததுதான் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். கொள்ளி வைத்துச் சூடு ஆறவில்லை, நான் எப்படி உள்ளே போவேன்? பரீட்சை பெரிதா, நான் இத்தனை வருஷம் நம்பினது பெரிதா?

பக்கத்துப் பெண் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் தெருவில் நின்றுகொண்டிருக்கிறேன். எழுந்து போய்விடலாம், தாளைக் கொடுத்துவிட்டு இவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன்.

ஹாலில் ஒரு பழைய ஃபேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தட்டு தட்டியது.

"என்னளா வெளிய நிக்க?"

"தீட்டுல்லா அத்தான்."

"யாரு செத்தா?"

"நீங்கதான்."

"செத்தது நான். எனக்கு எதுக்குளா தீட்டு? நவுரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். வீங்கின கால் இல்லை. காலில் செருப்பு.

"செருப்பு! செருப்பக் கழத்துங்க அத்தான்!"

"சவத்த விடு" என்றார். போனவர் நேரே பைரவர் பக்கமாகத் திரும்பினார்.

"அங்கன கூடிப் போகக் கூடாது! வலமா வாங்க!"

பக்கத்துப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"நீ நின்ன எடத்துல நின்னு பதில் சொல்லு. இந்தா, நாய்க்காரர். இவர்ட்ட என்ன வச்சிருக்க?"

சொன்னேன். இரண்டு தட்டு.

"இது யாரு, ஒம்பது பேரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கானுவ? நம்ம பங்காளி வீடா?"

சொன்னேன். பேனா ஓட ஆரம்பித்தது.

"கணக்கப்பிள்ள?"

"இட்ஸ். மேல ஒண்ணும் கெடையாது. கையத் தட்டி விரிச்சுக் காட்டிட்டு வாங்க அத்தான்."

"நாப்பது வருசமா இந்தப் பக்கமே வராதவன், நான் எத எடுத்தேன்னு காட்டச் சொல்லுத?"

அவர் முன்னால் போகப் போகக் குரல் மட்டும் வந்தது. முருகன், லிங்கோத்பவர், தட்சிணாமூர்த்தி, நால்வர். அவர் கேட்கக் கேட்க நான் தெருவில் நின்றபடி பதில் சொன்னேன். வாசல்படியை நான் மிதிக்கவில்லை. ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. கடைசியில் பிள்ளையாரிடம் வந்துவிட்டார்.

"காது ரெண்டு, கொம்பு ஒண்ணு. இதக்கூட மறந்துராத மூதி."

அவர் வெளியே வருவதற்குள் மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

மரத்தடியில் இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினேன் என்று கேட்கவில்லை. "சாப்பிடுதியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் பசித்தது.

ஆகஸ்ட் 14, புதன்

பாத்திரம் கழுவும்போது மிருத்யுஞ்சயம் தானாக வாயில் வந்தது. பாதியில் நிறுத்தினேன். யாருக்காக?

பால்காரனிடம் ஒரு பாக்கெட் குறைக்கச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. பால் கூடுதல் பாக்கெட் இன்றும் வந்தது. உறை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. தேறிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வேலை அனுப்புவார்களாம். பேசின பெண், "மேடம், முன்னால எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். வீட்டில் என்றேன்.

சுவாமிக்கு விளக்கேற்றிச் சொல்ல முடியாது. இவரிடம் சொன்னேன். பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே சாத்தி வைத்திருக்கிற கட்டிலின் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. இவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

உலகம்மை அக்கா வந்து, "ஆவுடையப்பன் அத்தான் வாக்கு பலிச்சிட்டுல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த வாக்கு என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

பதினாறாம் நாள் முடிந்தது. வீடு முழுக்கக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் படியேறினேன்.

மூலவரிடம் முதலில் அதைச் சொன்னேன். நான் உள்ளே வரவில்லை. வந்தது யார் என்று உமக்குத் தெரியும். செருப்போடு வந்துவிட்டார், இடமாகச் சுற்றிவிட்டார், பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதி விஷயத்தையும் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

பிறகு பிராகாரம். பிள்ளையார், நால்வர், தட்சிணாமூர்த்தி. ஒவ்வொரு மூலையிலும் கீழே பார்த்துக்கொண்டே போனேன். எங்கும் செருப்பு இல்லை. ஆனால் நான் எழுதி முடிக்கிற வரை அவர் வெளியே வரவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், வாசலில் நின்றது நான்தானே. முருகனைத் தாண்டும்போது யாரோ எனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஒதுங்கி வழி விட்டேன்.

சண்டிகேஸ்வரர் முன்னால் கையைத் தட்டினேன். விரித்துக் காட்டினேன். எப்போதும் வருகிற கூச்சம் இன்று வரவில்லை.

எதையும் எடுத்துப் போகவில்லை, ஒரு ஆளை இங்கே விட்டுவிட்டுப் போகிறேன், கணக்கில் எழுதிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.